மாப்பிள்ளை வாங்கிய துப்பாக்கி

என் சித்தப்பா ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தார். அவரை விட்டால் எங்கள் குடும்பத்தில் துப்பாக்கியைத் தொட்டவர்கள் கிடையாது. அதனால் இங்கிலாந்தில் இருக்கும் மாப்பிள்ளை, "நரிக்கும் மானுக்கும் சேர்த்து ஒரு ரைபிள் வாங்கலாம்னு இருக்கேன் மாமா" என்று சொன்னதும் மகள் முகம் மாறியதில் வியப்பில்லை. வீட்டில் பத்து வயதுப் பேரன் இருக்கிறான்.

அவர்கள் இருப்பது ஹெரிஃபோர்ட்ஷயர் பக்கம். ஆப்பிள் தோட்டங்களும் ஆட்டுப் பண்ணைகளும் நிறைந்த இடம். மாப்பிள்ளைக்கு உத்தியோகம் வேறு. ஆசைக்கு ஐந்து ஏக்கர் வாங்கி இருபது ஆடுகளும் கொஞ்சம் கோழிகளும் வைத்திருக்கிறார். முந்தின வசந்தத்தில் பிறந்த குட்டிகளில் மூன்றை நரி கொண்டுபோனது. புதிதாக வைத்த ஆப்பிள் கன்றுகளின் பட்டையை மான்கள் உரித்துப் போட்டன. மின்வேலி போட்டதில் கோழிகள் பிழைத்தன. குட்டி ஈனும் காலத்துக்கு அது போதவில்லை.

நான் அங்கே நான்கு மாதம் இருந்தேன். இருவரும் தனித்தனியாக என்னிடம் வழக்கைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரி அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் வேறென்ன சொல்வான்? "முதலில் சட்டம் என்ன சொல்லுதுன்னு படிப்போம்" என்றேன்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைக் கொல்வதும் குற்றம், மானைக் கொல்வதும் குற்றம். அங்கே கதை வேறு. ஓநாயும் லிங்ஸ் என்னும் காட்டுப்பூனையும் அந்தத் தீவிலிருந்து எப்போதோ அழிந்துவிட்டன. மானை அடக்க மனிதனை விட்டால் ஆளில்லை. நரியை ஆண்டு முழுவதும் சுடலாம், இரவிலும் சுடலாம். மானுக்கு மட்டும் காலம் உண்டு. ரோ என்னும் சிறிய மானில் ஆணை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, பெண்ணை நவம்பர் முதல் மார்ச் வரை. நம்மூர்க் கேளையாட்டின் சீனத்து உறவான முன்ட்ஜாக் மானுக்குக் காலக்கட்டுப்பாடே இல்லை. ஆனால் எந்த மானையும் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, உதிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை சுடக் கூடாது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது கடைக்காரர் வேலை என்று நினைத்தேன். பாதியைச் சட்டமே தேர்ந்தெடுத்துவிடுகிறது. நரிக்கு மட்டும் என்றால் .223 காலிபர் போதும்; பலரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் 1991-ஆம் ஆண்டு மான் சட்டப்படி, இங்கிலாந்தில் ரோ போன்ற மான்களைச் சுடும் ரைபிள் .240 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6.1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குண்டு குழலை விட்டு வெளியேறும்போது 1,700 அடி-பவுண்டு ஆற்றலாவது இருக்க வேண்டும். எல்லை தாண்டி ஸ்காட்லாந்து போனால் அதே .223-ஆல் ரோ மானைச் சுடலாம். ஒரே விலங்கு, இரண்டு சட்டம். பிரெஞ்சு இந்தியாவில் பிறந்து இந்திய அரசில் வேலை பார்த்த எனக்கு இது புதிதல்ல.

மாப்பிள்ளை .243 வின்செஸ்டரை எடுத்தார். 1955-இல் வந்த பழைய காலிபர். இலேசான குண்டு போட்டால் நரிக்கு, 100 கிரெயின் குண்டு போட்டால் மானுக்கு. தோளில் உதை அதிகமில்லை. பின்லாந்தில் செய்த டிக்கா ரைபிள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. தானாக ஏற்றிக்கொள்ளும் பெரிய ரைபிள்கள் 1987-இல் ஹங்கர்ஃபோர்டில் நடந்த படுகொலைக்குப் பிறகு அங்கே தடை செய்யப்பட்டவை.

தேர்ந்தெடுத்தார் என்றேனே, கையில் வர மாதங்கள் ஆயின. போலீஸ் அனுமதி வேண்டும். எந்தக் காலிபர், எதற்காக, எந்த நிலத்தில், எத்தனை தோட்டா என்று எல்லாம் தாளில் வரும். மருத்துவர் உடல்நிலை, மனநிலைபற்றி எழுதித் தர வேண்டும். ஐந்து ஏக்கர் போதாது என்று பக்கத்துப் பண்ணைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். அதிகாரி வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டி சுவரில் திருகியிருக்கிறதா என்று பார்த்தார். மாப்பிள்ளை சலித்துக்கொண்டார். மகள் ஒவ்வொரு தாளையும் படித்தாள்.

காத்திருந்த காலத்தில் வாங்கியதுதான் தெர்மல் நோக்கி. அதற்கு அனுமதி வேண்டாம். கைக்குள் அடங்கும் ஒற்றைக் குழல். முன்கண்ணாடி ஜெர்மேனியம் என்னும் தனிமத்தால் ஆனது, ஏனென்றால் சாதாரணக் கண்ணாடி உடல் வெப்பக் கதிரை விடாது. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னலைத் திறக்க வேண்டும். அப்படித் திறந்ததில் எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். உள்ளே இருக்கும் உணரியில் 384-க்கு 288 புள்ளிகள் ஒரு ரகம். 640-க்கு 512 விலை கூடிய ரகம். பெட்டியில் ஆயிரம் மீட்டருக்கு மேல் என்று போட்டிருக்கும். அது 'ஏதோ இருக்கிறது' என்று தெரியும் தூரம். 'இது நரி' என்று சொல்லக்கூடிய தூரம் அதில் சிறு பங்குதான். மழையிலும் மூடுபனியிலும் அதுவும் குறையும். மாப்பிள்ளை பெரிய லென்ஸை விட்டுப் புள்ளி கூடிய ரகத்தை எடுத்தார். அது சரியான கணக்கு என்றே நினைக்கிறேன்.

ஏப்ரலில் ஓர் இரவு, பக்கத்துப் பண்ணை ஓரம் இருவரும் நின்றோம். துப்பாக்கி இன்னும் வரவில்லை. கருப்புத் திரையில் ஆடுகள் வெள்ளை மூட்டைகளாகத் தெரிந்தன. வேலிச்செடி ஓரமாகச் சின்ன வெள்ளை உருவம் ஒன்று தாழ்ந்து தாழ்ந்து குட்டிகளை நோக்கிப் போனது. "நரி மாமா, நூற்றைம்பது மீட்டர்" என்று கிசுகிசுத்தார். மூச்சு மாறியது. நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் நரியாகத்தான் பட்டது. சற்று நேரத்தில் அது நின்று திரும்பிப் பார்த்தது. செடிக்குப் பின்னாலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்தார். பண்ணைக்காரர், ஈனும் ஆட்டைப் பார்க்க நாயுடன் வந்திருக்கிறார். அடர்ந்த இலைகள் அவருடைய வெப்பத்தை முழுக்க மறைத்துவிட்டன. திரையில் அவர் அதுவரை இல்லவே இல்லை.

மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் தானே மகளிடம் சொன்னார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அன்றுதான் அவள் முதல்முறையாக, "சரி, எப்படிச் சுடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்டாள்.

அதன் பிறகு செய்த முடிவுகள் கடையில் செய்தவற்றைவிட முக்கியமானவை. துப்பாக்கி மேல் பொருத்தும் தெர்மல் குறிநோக்கி வேண்டாம். சாதாரணத் தொலைநோக்கிக் குறியே போதும். நரியைத் தெர்மலில் கண்டால், விளக்கடித்து, கண்ணையும் காதையும் வாலையும் பார்த்த பிறகே துப்பாக்கி. ஓடும் நரிக்குக் குண்டு இல்லை. பண்ணைக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லாமல் இரவில் போவதில்லை. உயரமான பரண் ஒன்று போட்டார்கள், மேலிருந்து சுட்டால் குண்டு தப்பினாலும் மண்ணில் புதையும் என்று. கிளைக்கும் செடிக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று எந்தக் கருவியும் சொல்லாது. மண்மேடு மட்டும்தான் நம்பத்தக்கது.

ரைபிள் ஜூனில் வந்தது. பெட்டிச் சாவி மாப்பிள்ளை ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. மனைவிக்குக்கூட இடம் தெரியக் கூடாது. "என் வீட்டிலேயே எனக்குத் தெரியாத சாவி ஒண்ணு இருக்குப்பா" என்றாள் மகள். அதற்கு ஈடாக அவள் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டாள். நான்தான் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, எடுத்த தோட்டா, திரும்பிய தோட்டா, குறிப்பு.

போன வாரம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பதினான்கு பதிவுகள். இரண்டு நரி, ஒரு ரோ ஆண் மான். மற்ற பதினொன்றிலும் குறிப்புப் பத்தியில் மாப்பிள்ளையின் கையெழுத்தில் ஒரே வரி: சரியாகத் தெரியவில்லை, சுடவில்லை.