சத்தம் எங்கே குறையுது?

லெப்டொப்பில் சத்தம் கம்மியாக இருந்தால் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான். கீழே வலது மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, கோட்டை 100 வரைக்கும் இழுப்பது. அதற்கும் மேலே இடமில்லை என்றால் "ஸ்பீக்கர் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவது.

எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து இருப்பது கைமாறி வந்த ஒரே ஒரு லெப்டொப். போன இரண்டு கெம்பஸ் லீவிலும் பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் வயசான அம்மாக்கள் பாடின தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாவற்றையும் ஃபோனில் பதிந்து அதில்தான் சேர்த்து வைத்திருக்கிறோம். மலையகத்தில் பாட்டுச் சேர்ப்பது புது வேலை இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) மாதிரியானவர்கள் தோட்டத்துப் பாட்டுகளைக் கேட்டு எழுதித் தொகுத்ததால்தான் பல பாட்டுகளின் சொற்கள் இன்றைக்கும் மிஞ்சி நிற்கின்றன. ஆனால் தாளில் ராகம் நிற்காது, மூச்சு நிற்காது. அதற்காகத்தான் குரலாகவே பதிய ஆரம்பித்தோம்.

அப்படிப் பதிந்த பாட்டிகளில் ஒருவர் தவறிவிட்டார். அவருடைய மகள் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டது இவ்வளவுதான்: "கருமாதிக்கு சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அம்மா கொரல ஒருக்கா போட்டுக் காட்டுங்க புள்ளைங்களா." பதினாறாம் நாள் கருமாதி. எங்களிடம் இருந்தது 7 நிமிஷக் கோப்பு ஒன்று. பல வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன புருஷனுக்காகப் பாட்டி பாடின ஒப்பாரி. லெப்டொப்பில் போட்டால் அது நாலு லயத்துக்கு அங்கிட்டு ஓடுகிற ரேடியோ மாதிரி கேட்டது.

கோளாறு கோப்பிலா, மெஷினிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு லேசான வழி உண்டு. நல்ல சத்தமாகக் கேட்கும் என்று தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை அதே லெப்டொப்பில் போடுங்கள். பிறகு பாட்டியின் கோப்பை வேறொரு ஃபோனில் போடுங்கள். முதலாவது கம்மியாகக் கேட்டால் மெஷின், இரண்டாவது கம்மியாகக் கேட்டால் கோப்பு. எங்களுக்கு இரண்டுமே கம்மியாகத்தான் கேட்டன.

மெஷின் பக்கம் முதலில் போனோம். விண்டோஸில் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் பண்ணினால் 'வொல்யூம் மிக்சர்' என்று ஒன்று வரும். உள்ளே ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் கோடு இருக்கும். பொதுக் கோடு 100இல் நின்றாலும், பாட்டுப் போடுகிற செயலியின் கோடு 30இல் கிடக்கலாம். 100இல் 30தான் வெளியே வரும்.

அடுத்தது சவுண்ட் செட்டிங்ஸில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்கிற பகுதி. ஒன்லைன் கூட்டத்திலோ அழைப்பிலோ இருக்கும்போது மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைப்பதுதான் அங்கே வழக்கமாகத் தெரிவாகி இருக்கும். எதிர்ப் பக்கம் பேசுபவரின் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. வகுப்புக்கு நல்லது. ஆனால் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரு பாட்டைப் போட்டுக் காட்ட நினைத்தால், அந்தப் பாட்டுத்தான் அமுங்கிப் போகும். 'டூ நத்திங்' என்பதைத் தெரிவு செய்தால் அது சும்மா இருக்கும்.

ஹெட்செட்டையும் பாருங்கள். ஜெக் முழுசாக உள்ளே போகாவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். பின்னால் வாசிக்கிற கருவிகள் கேட்கும், பாடுகிறவரின் குரல் மட்டும் காணாமல் போகும். பொதுக் கம்பியின் தொடுப்பு விடுபட்டால், இடது காதுக்கும் வலது காதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே நமக்குக் கேட்கும். சினிமாப் பாட்டில் குரலை இரண்டு பக்கமும் சமமாக வைத்திருப்பதால் அது கழிபட்டுவிடுகிறது. ஜெக்கைத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் சரி.

பல லெப்டொப்களுக்கு ஸ்பீக்கர் அடிப்பக்கம்தான். மெத்தையில், கம்பளியில், மடியில் வைத்தால் வாயைப் பொத்தினது மாதிரி. பலகையில் வைத்தால் சத்தம் பட்டுத் திரும்பி வரும். காசில்லாமல் கிடைக்கிற வைத்தியம் இது.

இதெல்லாம் செய்தபிறகு சினிமாப் பாட்டு அறை முழுக்கக் கேட்டது. பாட்டி மட்டும் இன்னும் தூரத்திலேயே இருந்தார்.

அப்போதுதான் கோப்பை ஓடாசிட்டியில் திறந்தோம். இலவச மென்பொருள், பழைய மெஷினிலும் ஓடும். சத்தத்தை அலையாகக் காட்டும். பாட்டு முழுக்க நடுவில் மெல்லிய நூல் மாதிரி ஓடியது. மூன்றாவது நிமிஷத்தில் மட்டும் ஒரு கோடு உச்சிவரை நிமிர்ந்து நின்றது. கேட்டுப் பார்த்தால், யாரோ கேத்தல் மூடியைக் கீழே போட்ட சத்தம். கோப்பை மொத்தமாகப் பெருக்கினால் அந்த மூடிச் சத்தம் உச்சியைத் தொட்டதும் நிறுத்த வேண்டியதுதான், அதைத் தாண்டினால் கரகரக்கும். ஒரு மூடி விழுந்த சத்தத்துக்காக 7 நிமிஷப் பாட்டு கீழேயே கிடந்தது. அந்த ஒரு இடத்தை மட்டும் தெரிவு செய்து குறைத்துவிட்டு, பிறகு முழுசையும் பெருக்கினோம். லெப்டொப்பில் 'லௌட்னஸ் ஈக்வலைசேஷன்' என்று ஒரு தெரிவு இருந்தால், அதுவும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்யும். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கும்.

குரல் மேலே வந்தது. கூடவே மழையும் வந்தது. அன்றைக்குத் தகரத்தில் பெய்த மழை. அங்கே ஒன்று புரிந்தது: கடைசியில் எவ்வளவு கூட்டினாலும், முதலில் மைக்குக்கு வந்து சேர்ந்ததைத்தான் கூட்ட முடியும். வராத குரலை எந்த செட்டிங்ஸும் கொண்டுவராது.

சரி, ஏன் குரல் அவ்வளவு கம்மியாக வந்தது? தூரம் ஒரு காரணம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். ஒரு அடியில் இருக்க வேண்டிய ஃபோன் நாலு அடியில் இருந்தால் 12 டெசிபெல் போச்சு. 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் தெரியும். ஆனால் ஃபோனைக் கிட்டக் கொண்டுபோனால் பாட்டி பாட்டை நிறுத்திவிட்டு வெத்திலை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

இன்னொரு காரணம் லயம். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும் வீடுகள். அதில் மருமகன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்துக் காம்பராவில் சம்பந்தி வீட்டாள்கள் இருக்கிறார்கள். நல்ல நாளில் வீட்டுக்குள்ளே ஒப்பாரி பாடக்கூடாது என்ற பேச்சு வேறு. அதனால் பாட்டி தனக்குள்ளேயே பாடினார். இதே பாட்டி கொழுந்து மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலைக்குக் கேட்கும் என்று மகள் சொன்னார். குரலில் குறை இல்லை. லெப்டொப்புக்கு வர ரொம்ப முன்னாலேயே, வீட்டுக்குள்ளேயே அதைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

மென்பொருளும் தன் பங்குக்குச் செய்யும். அழைப்புக்கென்று செய்த இரைச்சல் நீக்கிகள் பேச்சை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து வரும் சத்தத்தை மின்விசிறி மாதிரி நினைத்துக் குறைக்கப் பார்க்கும். ஒப்பாரியில் ஒரே சுதியில் நீட்டி இழுக்கிற அந்த இழுப்பும் அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒன்லைனில் பாட்டுப் போடுவதென்றால் அந்த நீக்கியை நிறுத்திவிடுங்கள். சில செயலிகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒரு தெரிவே இருக்கிறது.

கருமாதிக்கு இரண்டு கோப்பு கொண்டுபோனோம். ஒன்றில் மழையை நீக்கியிருந்தோம். மற்றதில் மழை இருந்தது. கோயில் குழாய் ஸ்பீக்கரில் போடலாமா என்று ஒரு மாமா கேட்டார். "அம்மா ஊருக்கா பாடுனாங்க? வீட்டுலயே போடுங்க" என்று மகள் சொல்லிவிட்டார். ரேடியோவை நிறுத்தி, லெப்டொப்பைப் பலகை மேல் வைத்து, முதலில் மழை நீக்கிய கோப்பைப் போட்டோம். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் இரைச்சலை அளவுக்கு மேல் நீக்கினால் குரலும் சேர்ந்து தேயும், தண்ணிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி ஆகிவிடும். மகள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது யாரோ மாதிரி இருக்கு. மத்ததப் போடுங்க" என்றார்.

மழையோடு போட்டோம். பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. மருமகன் எழும்பிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கேத்தல் மூடி விழுகிற இடத்தில், குறைத்து வைத்தும், எல்லாருக்கும் கேட்டது. "அது நாந்தான்" என்று பேத்தி சொன்னாள்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையில் சிலதை மாற்றிக்கொண்டோம். பதிந்த மூலக் கோப்பில் கை வைப்பதில்லை, பிரதியில்தான் திருத்துகிறோம். நூலக நிறுவனத்தின் ஆவணகம் மாதிரியான இடங்களுக்குக் கொடுப்பதாக இருந்தாலும் வீட்டாரைக் கேட்டு, மூலத்தையே கொடுப்பதாக இருக்கிறோம். பாடச் சொல்வதற்கு முன்னால் எங்கே உட்கார்ந்தால் அவருக்குச் சத்தமாகப் பாட வரும் என்று கேட்கிறோம். பீலியடி என்கிறார்கள், கொழுந்து மடுவம் என்கிறார்கள். ஒரு அம்மா, ஆம்பளைகளை எல்லாம் கடைக்கு அனுப்பிவிட்டுப் பாடினார். அன்றைக்குப் பதிந்த கோப்புக்கு எந்த செட்டிங்ஸும் தேவைப்படவில்லை.

உங்கள் ஃபோனிலும் அப்பாயி, அம்மாயி குரல் ஒன்று எங்கேயாவது கிடக்கும். சத்தம் இல்லை என்று அழித்துவிட வேண்டாம். முதலில் மிக்சரைப் பாருங்கள், ஜெக்கை அழுத்துங்கள், லெப்டொப்பைப் பலகையில் வையுங்கள். அப்புறமும் கம்மியாக இருந்தால், அவர் இருக்கும்போதே இன்னொரு தரம் போய்க் கேளுங்கள்.