இரண்டு நாள் காத்தாடி

பனையோலைக் காத்தாடி இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. பச்சை ஓலையின் ஈர்க்கைக் கிழித்தெடுத்துவிட்டு, இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டு நறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைக் குறுக்காகக் கோத்து, நடுவில் வேலிக்காத்தான் முள்ளைக் குத்தி, முள்ளின் நுனியை ஒரு தட்டைக் குச்சியில் செருகினால் காத்தாடி தயார். நான்கு இதழும் ஒரே பக்கமாகச் சற்றுத் திருகியிருக்க வேண்டும். ஒரு இதழ் மாறித் திரும்பியிருந்தாலும் தயங்கித் தயங்கித்தான் சுற்றும். குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்காற்றுக்கு எதிரே ஓடும். மறுநாள் ஓலை வெளிறும், அடுத்த நாள் சுருண்டுகொள்ளும், முள் குத்திய ஓட்டை பெரிதாகி இதழ்கள் தொளதொளத்துப் போகும். சுண்ணாம்புக்குளம் போன்ற பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் இளம் பெற்றோர் பலர் இதை ஒரு குறையாகவே நினைக்கிறார்கள். ஆரம்பாக்கத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ கடையில் வாங்கும் பிளாஸ்டிக் காத்தாடி ஒரு வருஷம் கிடக்குமே, இதற்குப் போய் யார் மெனக்கெடுவது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி. சின்னக் குழந்தைக்கு வீட்டில் செய்து தரும் பொருள் சீக்கிரம் வாடுவதுதான் நல்லது. வாடினால்தான் "இன்னொன்னு செஞ்சு குடு ஆயா" என்று குழந்தை வந்து நிற்கும். ஆயாவும் மறுபடி ஓலையைக் கையில் எடுப்பாள்.

முதல் தடவை குழந்தை வெறுமனே வேடிக்கை பார்க்கும். அடுத்த தடவை முள்ளை எடுத்துக் கொடுக்கும். நாலைந்து தடவைக்குப் பிறகு இதழைத் தானே திருகிப் பார்த்து, ஏன் சுற்றவில்லை என்று கேட்கும். ஒரே காத்தாடியை ஒரு வருஷம் வைத்திருக்கும் குழந்தைக்கு இந்தக் கேள்வி வருவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் அது செய்யப்படுவதை அந்தக் குழந்தை பார்க்கவே இல்லை. நுங்கு வண்டியும் இப்படித்தான். சுளையைத் தோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் இரண்டு கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் அந்த அச்சைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். அச்சு நடுவில் குத்தியிருந்தால் வண்டி நேராகப் போகும், ஓரத்தில் குத்தியிருந்தால் நொண்டும். சித்திரை வைகாசியில் நுங்கு வரும்போது பள்ளிக்கும் விடுமுறை. கூடு காய்ந்து சுருங்கினால் அடுத்த நுங்குக்குக் காத்திருந்து அடுத்த வண்டி. இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதைக் கவனித்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். உருளைக் கட்டைகளை அதனதன் குழிகளில் எடுத்து எடுத்துப் பொருத்திய சிறுமி ஒருத்தி, சுற்றி என்ன நடந்தாலும் கவனிக்காமல் அதை நாற்பது தடவைக்கு மேல் செய்ததாக எழுதியிருக்கிறார். திரும்பத் திரும்பச் செய்வது குழந்தைக்கு அலுப்பில்லை, அதுதான் அதன் உழைப்பு என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இன்று மாண்டிசோரி பெயர் போட்ட மரச் சாமான்களை நகரத்துப் பெற்றோர் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவர் கண்டுகொண்ட அந்த 'மறுபடியும் மறுபடியும்' ஏரிக்கரையில் ஒரு பனையடியில் கிடக்கிறது.

வெளியே கூட்டிப் போவதற்கும் இதே நியாயம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய் வண்டலூர் மிருகக்காட்சி சாலையை ஒரே நாளில் பார்த்துவிட்டு, தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு இடம் சொந்தமாக வேண்டுமென்றால் அங்கே அது பல தடவை போயிருக்க வேண்டும். பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. மழைக்காலத்தில் ஏறும், கோடையில் வற்றி ஓரமெல்லாம் சேறாகும். பூநாரைகள் குளிர்காலத்தில் வரும், வெயில் ஏறியதும் குறையும். ஒரே கரைக்கு மாதம் ஒரு தடவை போகிற குழந்தை, தண்ணீர் எங்கே இருந்தது, பறவை எங்கே நின்றது என்று தானே ஒப்பிட்டுச் சொல்லத் தொடங்கும். எதிரே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறும் நாளில் கரையில் நின்றாலே போதும். நெருப்பு முதலில் தெரியும், உறுமல் பிறகுதான் வந்து சேரும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கும். நெருப்பைப் பார்த்ததிலிருந்து உறுமல் கேட்கும்வரை அண்ணனும் தங்கையும் சேர்ந்து எண்ணி, மூன்றால் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு கிடைக்கும். அடுத்த ராக்கெட்டுக்கு மறுபடி எண்ணிச் சரிபார்க்கலாம். பழவேற்காட்டுக்குப் போனால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். அங்கே பள்ளிவாசலில் சூரியக் கடிகாரமும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் ஒரு குச்சி நட்டு, பள்ளி மணி அடிக்கும்போது நிழல் விழும் இடத்தில் ஒரு சிப்பி வைத்தால் வீட்டுக்கும் ஒரு கடிகாரம் ஆயிற்று. சில வாரத்தில் அது தப்பாகக் காட்டும். சூரியன் வடக்கும் தெற்குமாக நகர்கிறது என்பதைக் குழந்தை முதன்முதலாகச் சந்தேகிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் வறுமைக்குப் பூச்சூட்டுகிற பேச்சு என்று ஒருவர் சொல்லலாம். பலமான ஆட்சேபம்தான். ஏரியின் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிப்போகிறது, கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறாலும் மடவையும் குறைகின்றன. என் பிள்ளையாவது வலையைத் தொடாமல் வேறு வேலைக்குப் போகட்டும் என்று நினைக்கும் தகப்பனிடம் போய் ஓலையின் பெருமை பேசுவது அவரை அவமதிப்பதாகிவிடக் கூடும். அவர் பிள்ளைக்கு நல்ல பள்ளி வேண்டும், புத்தகம் வேண்டும், நல்ல பொம்மையும் வேண்டும். அவற்றுக்கு மாற்றாக ஓலையை நான் சொல்லவில்லை. நான் மறுப்பது வேறொன்றை. காசு கொடுத்து வாங்கித் தர முடியாதவர் பிள்ளைக்கு எதுவும் தர முடியாதவர் என்று அந்தத் தகப்பனே நம்பத் தொடங்கியிருக்கிறார். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து வலை போடத் தெரிந்த மனிதர், காத்தாடி ஏன் நின்றது என்று பிள்ளைக்குச் சொல்லித்தர மற்ற எவரையும்விடத் தகுதியானவர்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பமாகப் பழவேற்காட்டுக்கு வந்து படகில் போனவர்களில் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். பல இடங்களில் இடுப்பளவுதானே என்று தோன்றும் ஏரி இது. சேறும் முகத்துவாரத்து இழுப்பும் அந்த நினைப்பைப் பொய்யாக்கும். பழகிய இடம் என்பதே ஏமாற்றும். அதனால் நான் சொல்லும் உலா எல்லாம் கரை உலா. உயிர்காப்புச் சட்டை இல்லாமல் குழந்தையைப் படகில் ஏற்றக் கூடாது. கரையிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது நிற்பதில்லை. ஆபத்து என்று குழந்தையை வீட்டிலேயே அடைத்து வைப்பதும் ஏரிக்கரையில் பாதுகாப்பு ஆகாது. தண்ணீரைத் தெரியாத குழந்தை ஒருநாள் தனியாகத் தண்ணீரிடம் போகும்.

வேலைக்கும் விளையாட்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் எனக்குக் கடினமான கேள்வி. தகப்பன் கிழிந்த வலையைச் சரிபார்க்க உட்காரும்போது பிள்ளை பக்கத்தில் வந்து உட்காரும். வலை ஊசியில் நூலைச் சுற்றிக் கொடுக்கும், ஒரு கண்ணி போட்டுப் பார்க்கும். இருளர் பெண்கள் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும்போது பிள்ளைகளும் கூடவே இறங்கிவிடுவார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம் என்று ஒரு விலக்கும் தருகிறது. அந்த விலக்கில் நிறையப் பிள்ளைகளின் மாலைப்பொழுது காணாமல் போய்விடும் என்று அப்போது எழுந்த எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். சட்டத்தைவிட எளிய ஒரு சோதனை இருக்கிறது. பாதியில் எழுந்து ஓடினால் யாராவது திட்டுவார்களா? திட்டுவார்கள் என்றால் அது வேலை. திட்ட மாட்டார்கள், அந்தக் கண்ணியை அப்பா பிறகு பிரித்துப் போட்டுக்கொள்வார் என்றால் அது விளையாட்டு. பிள்ளை போட்ட கண்ணி சரியில்லாமல் போக இடம் இருக்க வேண்டும். குடும்பத்தின் அன்றைய சோற்றை நம்பி அந்தக் கண்ணி இருக்கக் கூடாது.

கடைசியில் நேரம். இருட்டில் ஏரிக்குப் போய் வந்து பகலில் தூங்குகிறவர் அப்பா, மீன் கூடையோடு பஸ் ஏறிப் போய் மத்தியானம் திரும்புகிறவர் அம்மா. இவர்களிடம் பிள்ளையோடு உட்காருங்கள் என்று சொல்வது நியாயமா? எப்போதும் நியாயமில்லை. அதனால்தான் இந்தப் பாரம் அவர்கள்மேல் மட்டும் விழக் கூடாது என்கிறேன். காத்தாடிக்குக் கால் மணி நேரம் போதும், ஆயாவோ அக்காவோ போதும். அதுவும் வாய்க்காத வீட்டுக்கு அங்கன்வாடி இருக்கிறது. 1975-இல் தொடங்கிய அந்தத் திட்டம், சத்துணவோடு பள்ளிக்கு முந்தைய கல்வியையும் தன் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. பழவேற்காட்டில் இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கிலுகிலுப்பையும் முடைந்து விற்கிறார்கள், அந்தக் கை இன்னும் அழியவில்லை. முடையத் தெரிந்த ஒருவரை வாரத்தில் ஒரு மதியம் அங்கன்வாடிக்கு அழைத்து, அவர் நேரத்துக்கு ஒரு தொகையும் கொடுக்கலாம். ஓலை வேண்டும், அதற்குக் கரையோரத்தில் பனை நிற்க வேண்டும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. மனை பிரிக்கும் இடங்களில் அந்த அனுமதியை யார் கேட்கிறார்கள் என்று ஊராட்சிகள் கண்காணிப்பதை இந்தக் குழந்தைகளுக்காகவே தொடங்கலாம்.