கர்க்கடகத்தில் ஓர் அம்பாசடர்

திருவனந்தபுரத்தில் பழைய கார்கள் கெடுகிற மாதம் கர்க்கடகம். நம் கணக்கில் ஆடி. ஜூனில் இறங்கிய இடவப்பாதி மழை அதற்குள் சுவர், தரை, துணி, தகரம் எல்லாவற்றிலும் ஊறியிருக்கும். அப்பா ஓட்டிய அம்பாசடரையோ தாத்தா வாங்கிய பியட்டையோ விற்க மனமில்லாமல் வீட்டுப் போர்ச்சில் நிறுத்தி, மேலே உறை போட்டு மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் ஓணத்துக்கு வந்து கதவைத் திறப்பார்கள். குப்பென்று புழுக்க வாடை அடிக்கும். ஸ்டீயரிங்கில் வெள்ளைப் பூஞ்சை, சீட்டில் பச்சைப் பூஞ்சை. தரையில் என்ன நடந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரியவரும்.

ஐரோப்பாவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்துக்கு வண்டியை அடைத்து வைக்கிறார்கள். அது ஒரே ஒரு பருவம். இங்கே ஆவணியில் கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழையான துலாவர்ஷம் வந்துவிடும். ஆண்டு மழை ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர். கோழிக்கோட்டை வைத்துப் பார்த்தால் குறைவுதான். ஆனால் இரண்டு தவணையாகப் பெய்வதால் தகரம் முழுக்கக் காய்வதற்கு இடைவெளி கிடைப்பதில்லை. மேற்கே கடல் வேறு. உப்புக் காற்றுக்குக் கேட்பானேன்.

இந்த வண்டிகளைப் பிழைக்க வைக்கிற ஓர் ஒர்க்‌ஷாப் கரமனைப் பக்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். நெடுஞ்சாலையை விட்டு விலகிய சந்தில் தகரக் கூரை போட்ட நீண்ட ஷெட். பலகை எதுவும் இல்லை. நடத்துகிறவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்; அறுபதைத் தாண்டியவர். வேலை பழகுகிற பையன்களுக்கும் மலையாள வாடிக்கையாளர்களுக்கும் அவர் ஆசான். டிங்கரிங்தான் அவர் தொழில். சீட் தைக்க ஒருவர், வயரிங் பார்க்க ஒருவர், எடுபிடிக்கு இரண்டு பையன்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடுகின்றன.

குமரி மாவட்டத்துக் கைகள் இந்த நகரத்து வண்டிகளில் படுவது புதிதல்ல. 1938 பிப்ரவரி 20 அன்று ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசுப் பேருந்து சேவையைத் தொடங்கிவைத்தபோது, லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த சால்ட்டர் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் இறக்குமதியான கோமர் சேசிஸ்களுக்கு இங்கேயே பாடி கட்டினார்கள். முதலில் ஓடிய தடங்களில் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்வதும் ஒன்று. 1956-ல் மாநில எல்லை நடுவே வந்தது. வேலை தேடி வருகிற வழி அதற்காக மாறிவிடவில்லை. ஆசானுடைய மாமா பாப்பனங்கோட்டு அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் தகர வேலை பார்த்தவராம். அவரிடம் சுத்தியல் பிடிக்கப் பழகியதாகச் சொன்னார்.

நான் போன அன்று மழை விட்டிருந்தது. ஷெட்டின் நடுவில் 1977-ஆம் வருட அம்பாசடர், மார்க் 3. வெளியே பார்க்கப் புது வண்டி போல மினுங்கியது. போன வருடம்தான் வேறெங்கோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆசான் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ரப்பர் மேட்டை எடுத்து, அதற்கடியில் இருந்த கார்ப்பெட்டைச் சுருட்டினார். அதற்கும் அடியில் சணல் ஃபெல்ட். விரல் தடிமன், கறுத்துப்போய்க் கிடந்தது. ஒரு மூலையைப் பிடித்து என் முன்னால் பிழிந்தார். தேத்தண்ணீர் நிறத்தில் நீர் ஒழுகியது.

“மழை பட்ட தண்ணி இல்ல சார் இது. போர்ச்சுக்குள்ள நின்ன வண்டியாக்கும். காத்துல இருந்து குடிச்ச தண்ணி, பாத்துக்கிடுங்க.”

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முப்பது டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 85 சதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் 25 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அம்பாசடரின் உள்ளே ஏறக்குறைய மூன்று கன மீட்டர் காற்று. இரவில் தகரம் மூன்று டிகிரி குளிர்ந்தாலே அதில் ஒரு பகுதி வியர்த்துப் படியும். காலையில் வண்டி சூடேறும்போது மறுபடி ஆவியாகி, பாதி ஃபெல்ட்டுக்குப் போகும். கதவு இடுக்கு வழியாகப் புதுக் காற்று வந்து அடுத்த இரவுக்குத் தயாராகும். தினம் சில சொட்டு. மூன்று மாதம் நடந்தால் ஃபெல்ட் நனைந்துவிடும். நனைந்த ஃபெல்ட் தரைத் தகரத்தோடு ஒட்டிக் கிடப்பதால், பெயிண்ட்டில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே துரு தொடங்கும்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கதவுக்குக் கீழே இருக்கும் படித் தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பின் கதவுக்கு அருகில் சத்தம் மாறிப் ‘பொத்’ என்றது. முனையால் அமுக்கினார், பட்டியும் பெயிண்ட்டும் உடைந்து, செம்பொடி கொட்டியது. “லேய், அந்த ஸ்போக்க எடு” என்றார். பையன் சைக்கிள் ஸ்போக்கைக் கொண்டுவந்தான். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று கம்பெனியே வைத்த துளைகள் உண்டு. பெயிண்ட் அடித்தவர்கள் அதையும் சேர்த்துப் பட்டி போட்டு அடைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாக இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் கதவுக்குள்ளேயே நின்றிருக்கிறது. ஸ்போக்கால் குத்தித் திறந்ததும் சேறு கலந்த நீர் வந்தது. பையன் நாலு கதவுக்கும் அதையே செய்தான். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் இப்போது தகரம் வெட்டி, கேஸ் வெல்டிங் வைத்து, ரெட் ஆக்ஸைடு அடிக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. பளபளப்புக்கு வாரிக் கொடுக்கிற உரிமையாளர்கள், துளை திறந்ததற்கும் ஃபெல்ட் மாற்றியதற்கும் பில்லில் பேரம் பேசுகிறார்கள். கண்ணில் படாத வேலைக்குக் கூலி கொடுக்க மனம் வருவதில்லை. வண்டியை நிற்க வைப்பதே அந்த வேலைதான்.

ஷெட்டின் பின்புறம் சீட் தைப்பவர் உட்கார்ந்திருந்தார். ரெக்சினைப் பிரித்து, உள்ளே இருந்த கயிற்று நார் மெத்தையை வெளியே எடுத்துப் போட்டிருந்தார். தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்கிற மெத்தை; கேரளத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. நார் காற்றோட்டமானது, காய வைத்தால் மறுபடியும் உதவும் என்கிறார். ஃபோம் நனைந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான். கதவு உட்பக்கத்து ஹார்ட்போர்டு அட்டை உப்பியிருந்தது. அதைப் புதிதாக வெட்டி, ரெக்சின் ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். வளைந்த ஊசியைப் பிடித்துப் பிடித்து அவருடைய வலது பெருவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியே இருக்கிறது.

மழைக்கு வண்டியை எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். முதலில் உறையைக் கழற்றச் சொன்னார் ஆசான். தண்ணீர் புகாத உறை, கீழேயிருந்து ஏறும் ஈரத்தையும் வெளியே விடாது. சிமெண்ட் தரை பார்க்கக் காய்ந்தே இருந்தாலும் மண்ணின் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் தரையில் முதலில் கனமான பாலிதீன் தாள், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் ஸ்டாண்டு வைத்து வண்டி. நம் வீடுகளில் நெல் போடும் பத்தாயத்துக்குக் கால் வைத்ததும் இதற்காகத்தான். மேலே தூசிக்குப் பருத்தித் துணி போதும்.

ஜன்னலைத் திறந்து வைக்கலாமா என்றதற்கு உடனே பதில் சொல்லவில்லை. “மழை நாள்ல தொறந்தா ஈரத்த விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும் சார். நல்ல வெயில் அடிச்சா பத்து மணிக்குத் தொறக்கணும், நாலு மணிக்கு முன்னால அடைக்கணும்.” வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்கும் நேரம் அதுதான். தொடர்ந்து மழை என்றால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, பழைய குண்டு பல்பு இரண்டு, நூறு வாட், ஓட்டுத்துண்டு மேல் வைத்துக் கம்பிக்கூடு போட்டு எரிய விடுகிறார். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். உள்ளே நாலைந்து டிகிரி ஏறினாலே 90 சத ஈரப்பதம் 70-க்குப் பக்கத்தில் இறங்கும். பூஞ்சைக்கு அது பிடிக்காது. எல்.இ.டி. இதற்கு உதவாது.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பெட்டிக்குள் கேமரா வைப்பதற்கு அது சரி. நூறு இடுக்குள்ள பழைய காரில் சில நாளில் நிறைந்துவிடும். எடுத்துச் சூடாக்கி மறுபடி வைக்க ஆள் இருந்தால் பலன் உண்டு. கால்சியம் குளோரைடு டப்பாவைப் பக்கத்திலேயே விடுவதில்லை. ஈரத்தை இழுத்து உப்பு நீராகிவிடும், கவிழ்ந்தால் அந்த இடத்தில் தகரம் போச்சு.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறவர்களைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறாவிட்டால் அந்த நீர் உள்ளேயே நிற்கும். எடுத்தால் இருபது கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். பட்டம் அரண்மனையின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180-ஐ இந்த ஊரில் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். இதே காற்றில்தான் அதுவும் நின்றது. பல லட்சம் மைல் ஓடிய வண்டி அது.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் ஆசான் தன் பழைய வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார். முன்பெல்லாம் டேங்கை நிரப்பி வைப்பார். காற்றுக்கு இடமில்லாவிட்டால் வியர்வைக்கும் இடமில்லை. இப்போது பம்பில் வருவது 20 சதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அதனால் மூன்று மாதம் நிற்கிற வண்டி என்றால் முழுக்க வடித்து, கார்புரேட்டரில் இருப்பதையும் ஓட்டித் தீர்த்து, டேங்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் படும்படி உருட்டி வைக்கிறார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்க விடமாட்டார். லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டைதான். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கச் சொல்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தோஹாவிலிருந்து அம்பாசடரின் உரிமையாளர் அழைத்தார். ஓணத்துக்குப் பத்து நாள் முன்பே வண்டி வேண்டுமாம், வீட்டில் கல்யாணம். ஆசான் மலையாளத்தில் பொறுமையாகப் படித் தகரத்தைப் பற்றிச் சொன்னார், கதவுத் துளைகளைப் பற்றிச் சொன்னார். ஃபெல்ட்டை மாற்றலாம், ஆனால் அடியில் இருக்கும் தகரம் வெயிலில் காயாமல் மேலே எதையும் போட முடியாது என்றார். எதிர்முனையில் குரல் உயர்ந்தது. கூரைக்கு வெளியே எட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, வெயில் கிடைத்தால் தருகிறேன், கிடைக்காவிட்டால் கல்யாணத்துக்கு வேறு வண்டி பாருங்கள் சாறே என்று சொல்லிப் போனை வைத்தார்.