கல்முனையில் ஒரு கியர் விசாரணை

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே நீளும் கரையோரச் சாலையில் மேடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. கிழக்கே கடல்; மேற்கே வயல். காலையில் ஸாஹிறாக் கல்லூரி வாசலில் நின்றால், வெள்ளைச் சீருடை மாணவர்கள் துவிச்சக்கர வண்டிகளில் சாரிசாரியாக வருவதைக் காணலாம். இத்தகைய சமதரையில் கியர் எதற்கு என்று நாமும் எண்ணியதுண்டு. கச்சான் காற்று வீசும் நாளொன்றில், சம்மாந்துறை வழியே மேற்கு நோக்கி அம்பாறைக்கு மிதித்துப் பார்த்தபின் அந்த எண்ணம் அகன்றது.

சாய்ந்தமருதில் நாம் தங்கியிருந்த வீட்டு மாணவருக்கு, மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் சைக்கிளில் செல்ல ஆசை. இடையே பதினெட்டு வளைவு ஏற்றம் இருக்கிறதே! அவருடைய வண்டியில் முன்புறம் மூன்று பற்சக்கரங்கள் இருந்தன. உப்புக்காற்றில் முன் கியர் மாற்றி துருப்பிடித்துவிட, 32 பல் உள்ள நடுச்சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழற்றிவிட்டார். பின்னால் ஒன்பது சக்கரங்கள். பெரியதற்கு 34 பல். அதைவிடப் பெரிய சக்கரம் போடவேண்டும்; அதற்கேற்ற ‘டிரெய்லியர்’, அதாவது பின் கியர் மாற்றி, வேண்டும். பழைய சாமான் ஒன்று மலிவாக வந்திருந்தது. உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் சட்டைப்பையில் இருந்தது.

கல்முனையில் சைக்கிள் திருத்தும் பெரியவர் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது பத்துக் கியர்ச் சாமான், தம்பி. உங்கட விசை ஒன்பது. ரெண்டும் சேராது.”

“ரெண்டும் ஒரே கம்பனிதானே, காக்கா?”

கம்பனி ஒன்றுதான். 1921இல் ஜப்பானின் சாக்காய் நகரில் தோன்றிய ஷிமானோ. ஆனால் கைப்பிடி விசையை ஒருமுறை தட்டினால் கம்பி குறிப்பிட்ட அளவே இழுபடும். அந்த இழுப்புக்குப் பின் மாற்றி எவ்வளவு நகர்கிறது என்பதே கணக்கு. ஷிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது கியர் மலைவண்டி மாற்றிகள் ஏறத்தாழ 1.7 மடங்கு நகரும். பத்துக் கியர் மலைவண்டி மாற்றியோ 1.2 மடங்கே. ஒன்பதின் விசையோடு பத்தின் மாற்றியைப் பூட்டினால், சங்கிலி அடுத்த சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் கறகறக்கும். மருதமுனை நெசவாளர் குடும்பத்தில் பிறந்த பெரியவர், ஒரு தறியின் அச்சு எல்லாத் தறிக்கும் பொருந்துமா என்று கேட்டார். மாணவரின் கை மெல்லச் சட்டைப்பையை விட்டு நீங்கியது.

இன்னொரு மயக்கமும் உண்டு. மாற்றியின் கொள்ளளவு என்பது, அது எவ்வளவு தொய்வுச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் என்பது. முன்னால் ஒரே சக்கரமானால் பின்சக்கரங்களின் வேறுபாடு மட்டுமே கணக்கு: 34இல் 11 போக 23. மூன்று சக்கரத்துக்குரிய நீண்ட கூடு அவசியமில்லை. ஆயினும் அது தாங்கும் மிகப் பெரிய பின்சக்கரம் எது என்பது தனி வரம்பு. கொள்ளளவு மிகுந்திருப்பதால் 42 பல் ஏறிவிடும் என்று நம்பக்கூடாது.

முடிவில், 36 பல் வரை தாங்கும் ஒன்பது கியர் மாற்றியும், அதற்கேற்ற 11–36 பின்சக்கர அடுக்கும் தெரிவாயின. 32க்கு 36: மிதி ஒருமுறை சுற்றினால் பின்சில்லு ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். “கழட்டின சின்னச் சில்லு இருந்தா ஏத்தத்துக்கு இன்னும் லேசு” என்று பெரியவர் சொல்லத் தவறவில்லை. பதினெட்டு வளைவுக்கு இது போதுமா என்பதில் நமக்கு ஐயமே. இளங்கால்களுக்குப் போதும் என்றார் அவர்.

முன்னால் சங்கிலியைத் தாங்க வேறு மாற்றி இல்லாததால், குலுக்கத்தில் அது கழன்று விழக்கூடும். புதிய மாற்றிகள் சிலவற்றில் சங்கிலியை இறுக்கும் பிடிப்பு உண்டு, இதில் இல்லை. ஆகவே பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று தடித்திருக்கும் முன்சக்கரம் ஒன்றைப் பூட்டினார்கள். மிகுந்த பணம் உம்மாவிடம் திரும்பியது.

மாலையில் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினோம். கச்சான் முகத்தில் அறைந்தது. சம்மாந்துறை வரை சங்கிலி விழவில்லை; மூச்சு வாங்கியது நமக்குத்தான்.