தங்கக் கழிவறையில் உட்கார்ந்து ஒரு ட்வீட்!

நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ. விலை உயர்ந்த கடைகள் நிறைந்த இந்தச் சாலையில்தான் ட்ரம்ப் டவர் இருக்கிறது. 2017 ஜூன் 16-ம் தேதி, அங்கிருந்து சில நிமிட நடைதூரத்தில், 57-வது தெருவில் நீண்ட க்யூ. என்ன விசேஷம்? எல்லோரும் ட்வீட் படிக்கக் காத்திருந்தார்கள்!

போனிலேயே படிக்கலாமே என்கிறீர்களா? அங்கேதான் சுவாரஸ்யம்.

அமெரிக்காவில் அதிபர்கள் பெயரில் நூலகம் அமைப்பது வழக்கம். ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1941-ல் தொடங்கிவைத்த பழக்கம் இது. கடிதங்கள், கோப்புகள், பரிசுப் பொருட்கள் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். ட்ரம்ப் பதவியேற்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் 'தி டெய்லி ஷோ' என்ற டி.வி நகைச்சுவை நிகழ்ச்சிக் குழு, அவருடைய ட்வீட்களுக்கென்றே ஒரு 'நூலகம்' திறந்துவிட்டது. மூன்றே நாள்தான். அனுமதி இலவசம்.

உள்ளே, 140 எழுத்து ட்வீட்களுக்குத் தங்க நிற ஃபிரேம். ஓவியக் கண்காட்சி மாதிரி சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரே விஷயத்தைப் பற்றி அவரே முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னவை பக்கத்துப் பக்கத்தில். அவர் பாணியில் நமக்குப் பட்டப்பெயர் வைக்க ஒரு மெஷின். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்க நிறக் கழிவறை இருக்கை. அதில் உட்கார்ந்தபடியே அதிபர் மாதிரி ட்வீட் தட்டலாம்!

இந்தக் கண்காட்சி பிறகு சிகாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ என்று ஊர் ஊராகப் போனது. 2018-ல் புத்தகமாகவும் வந்தது.

கேலிதான். ஆனால், விஷயம் விளையாட்டல்ல. போனில் ஒரு ட்வீட்டைப் பார்த்த வேகத்தில் தள்ளிவிட்டுப் போகிறோம். நேற்று சொன்னது இன்று மறந்துவிடுகிறது. அதையே சுவரில் பெரிதாக மாட்டினால், நின்று படிக்கிறோம். சிரிக்கிறோம். 'அன்று வேறு மாதிரி சொன்னாரே' என்று யோசிக்கவும் செய்கிறோம்.

2021 ஜனவரி 8-ம் தேதி ட்ரம்ப்பின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. அவர் போட்ட ஆயிரக்கணக்கான ட்வீட்கள் ஒரே நாளில் ட்விட்டர் தளத்திலிருந்து காணாமல் போயின. மறு ஆண்டு நவம்பரில்தான் கணக்கு திரும்பியது. இடைப்பட்ட நாட்களில் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் அவற்றைப் பாதுகாத்தது. அந்த நகைச்சுவைப் புத்தகத்தின் பக்கங்களிலும் பல ட்வீட்கள் அப்படியே இருந்தன.

தலைவர்கள் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள, சில நேரம் ஒரு ஃபிரேமும் ஆணியும் போதும்!