ரெண்டு சைக்கிள்ல ஒண்ணு

செஞ்சியில் எங்க தெருவில் மட்டும் நாலு வீட்டு மாடிப்படிக்குக் கீழே அரசு சைக்கிள் துருப்பிடிச்சு நிக்குது. 2001-02-ல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்குத் தொடங்கின திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ப்ளஸ் ஒன் பசங்க எல்லாருக்கும் வந்தது. நான் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளி. எனக்கு அந்த சைக்கிளும் கிடைக்கல, ரிப்பேரும் தெரியாது.

போன செமஸ்டர் லீவில் பக்கத்து வீட்டு அக்காவோட சைக்கிளைப் பிரிச்சேன். பேரிங் ஆயுளைக் கணக்குப் போட்டு மார்க் வாங்கினவன் நான். பின்சக்கரத்து பால்ஸ் தரையில் சிதறினதும் முழிச்சேன்.

சைக்கிள் கடை அண்ணன் சிரிச்சார். "முதல்ல கிரீஸ் தடவு தம்பி, பால்ஸ் அதுலயே ஒட்டிக்கும். கோனை ரொம்ப இறுக்காத. சக்கரம் ஆடவும் கூடாது, சிக்கவும் கூடாது."

ரெண்டு சைக்கிளைக் கழட்டி ஒண்ணைத் தேத்தினோம். அது, தினமும் மூணு கிலோமீட்டர் நடந்து ஸ்கூலுக்குப் போற ஒன்பதாவது பொண்ணுக்கு. அவளுக்கு அரசு சைக்கிள் வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். மழை பெய்தா அவ லீவுதான்.

தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து கேட்டா: "அண்ணா, பெல் எங்க?"

உங்க வீட்டுப் பழைய சைக்கிளை இரும்புக் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பாருங்க. பெல்லாவது இருக்கும்.