சங்கு நின்றுபோன தெருவில் மணி என்ன?

கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு தெரு. ஒரு காலத்தில் அங்கே யார் வீட்டிலும் கடிகாரத்தைப் பார்க்கும் வேலையே இல்லை. மில் சங்கு ஊதினால் அடுப்பு பற்றும். அடுத்த சங்குக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும். சங்கு ஊதுகிறவர் இரண்டு நிமிடம் தாமதித்தால் தெருவே இரண்டு நிமிடம் தாமதிக்கும், யாருக்கும் தெரியாது.

மில் மூடியது. சங்கும் நின்றது. அங்கே ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த பெரியவர் மட்டும் அதே வீட்டில் இருக்கிறார். ஹால் கடிகாரம் பத்து நிமிடம் ஃபாஸ்ட். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று அவரே வைத்தது. அதைப் பார்த்து வைத்ததால் சமையலறைக் கடிகாரமும் ஃபாஸ்ட்.

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் அவருடைய பேத்தி ஆறு சின்ன எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். இன்ஜினீயரிங் கடைசி வருடம். பத்து நாளில் புராஜெக்ட் ரிவ்யூ. டவர் கிடையாது, ரவுட்டர் கிடையாது. ஆறு போர்டும் தங்களுக்குள் ரேடியோவில் பேசி, ஒரே நொடியில் விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான் புராஜெக்ட்.

"செல்போன்லதான் மணி தானா வந்துருதே அம்மிணி, அப்பறம் இது என்னத்துக்கு?" என்று கேட்டார் பெரியவர்.

நியாயமான கேள்வி. போனுக்கு மணி சொல்வது டவரும் இன்டர்நெட்டும். டவர் போய்விட்டால்? 2015 டிசம்பர் மழையில் சென்னையில் பலர் கையில் போன் இருந்தது, சார்ஜ்கூட இருந்தது, பக்கத்துத் தெருவில் இருந்த அக்காவிடம் பேச முடியவில்லை. இத்தனைக்கும் ஒவ்வொரு போனுக்குள்ளும் ரேடியோ இருக்கிறது. டவரை விட்டுவிட்டு போனிலிருந்து போனுக்குச் செய்தி தாவ முடியும். 2014-ல் ஹாங்காங் போராட்டக்காரர்கள் ஃபயர்சாட் என்ற ஆப்பில் அப்படித்தான் செய்தி அனுப்பிக்கொண்டார்கள்.

சிக்கல் பேட்டரியில் இருக்கிறது. ரேடியோவுக்குப் பேசுவது மட்டும் செலவில்லை. யாராவது பேசுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருப்பதும் கிட்டத்தட்ட அதே செலவு. அதனால் பெரும்பாலான நேரம் தூங்க வேண்டும், கொஞ்ச நேரம் விழிக்க வேண்டும். ஒருவர் விழிக்கும்போது மற்றவர் தூங்கினால் கதை முடிந்தது. எல்லோரும் ஒன்றாக விழிக்க வேண்டும். எப்போது விழிப்பது என்று சொல்லத்தான் சங்கு இல்லையே!

ஆளுக்கொரு கடிகாரம் இருக்கிறதே என்றால், அதுவும் நம்பக்கூடியதல்ல. கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிரும். சாதாரணத் துண்டுகள் பத்து லட்சத்தில் இருபது பங்கு வரை பிசகும். ஒரு நாளில் 1.7 விநாடி. மனிதருக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று முன்னாலும் இன்னொன்று பின்னாலும் பிசகினால், நாலே நிமிடத்தில் இரண்டுக்கும் இடையே 10 மில்லி விநாடி இடைவெளி விழுந்துவிடும். விழித்திருக்கும் நேரமே அவ்வளவுதான் என்றால் அவை சந்திக்கவே போவதில்லை. வெயிலும் குளிரும் இதை இன்னும் கெடுக்கும்.

வைஃபை உருவாக்கியவர்கள் ரவுட்டர் இல்லாத 'அட்-ஹாக்' முறைக்கு ஒரு சுலபமான விதி வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்லும் நேரம் உன் நேரத்தைவிட முன்னால் இருந்தால் அதை எடுத்துக்கொள். பின்னால் இருந்தால் கண்டுகொள்ளாதே. பேத்தி இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். "அப்ப நம்ம ஹால் கடிகாரந்தான் ஊருக்கே ராசா!"

ராஜாதான். ஆனால் கூட்டம் சேர்ந்தால் ராஜாவுக்கே பேச வாய்ப்புக் கிடைக்காது. ஒவ்வொரு சுற்றிலும் யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் பேச, மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். வேகமான கடிகாரத்தின் முறை எப்போதோதான் வரும். அதற்குள் அது தனியாக வெகுதூரம் முன்னே போயிருக்கும். 2002-ல் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

அதே வருடம் கலிஃபோர்னியாவில் எல்சன், கிரோட், எஸ்ட்ரின் என்ற மூவர் வேறு வழி சொன்னார்கள். அது பெரியவருக்கு உடனே பிடித்துப்போனது. சங்கு ஊதியவர் எத்தனை மணிக்கு ஊதினார் என்று கேட்கவே வேண்டாம். 'உங்க வீட்டுக்குக் கேட்டப்ப உங்க கடிகாரத்துல மணி என்ன, எங்க வீட்டுல இவ்வளவு' என்று கேட்டவர்கள் இருவரும் ஒப்பிட்டுக்கொண்டால் போதும். வித்தியாசம் தெரிந்துவிடும். ஊதியவர் தாமதித்தாலும் பாதகமில்லை.

பேத்தி தேர்ந்தெடுத்தது இவை எதையும் அல்ல. மின்மினியை.

பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலைக் காட்டில் கோடைமழை சமயத்தில் மின்மினிகள் மரம் மரமாக ஒன்றாக மின்னும். ஸ்ரீராம் முரளி அங்கே எடுத்த படம் 2023-ல் உலக அளவில் காட்டுயிர்ப் புகைப்பட விருது வாங்கியது. (16 நிமிடத்தில் எடுத்த 50 படங்களை ஒன்றாக்கியது அது. அதனால் ஒளி தெரியும், தாளம் தெரியாது.) இப்படி ஒன்றாக மின்னுவதை முதலில் விஞ்ஞானிகளே நம்பவில்லை. 1917-ல் ஒருவர், மின்மினிகள் ஒன்றும் செய்யவில்லை, என் இமைதான் துடித்திருக்கிறது என்று எழுதினார்! 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் மின்மினிகளைப் பிடித்து பாங்காக் ஹோட்டல் அறையில் விட்டுப் பார்த்தார்கள். முதலில் தாறுமாறு. கொஞ்ச நேரத்தில் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர ஆரம்பித்தன. தலைவன் என்று எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பது மின்னினால், தன் முறைக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விதி. இந்த மாதிரி எளிய விதி இருந்தால் எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றுசேர்ந்துவிடுவார்கள் என்று 1990-ல் மிரோலோவும் ஸ்ட்ரோகாட்ஸும் கணிதத்தில் நிரூபித்தார்கள்.

அந்த விதியைத்தான் பேத்தி ஆறு போர்டிலும் ஏற்றினாள். ராத்திரி பதினொன்றரைக்கு ஆறு விளக்கும் ஒரே நொடியில் எரிந்தன. வீட்டை எழுப்பிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டிவிட்டுத் தூங்கப் போனார்கள்.

மறுநாள் போன் ஸ்டாப்வாட்சோடு ஒப்பிட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஒரு மணி நேரத்தில் ஆறு போர்டும் 73 விநாடி முன்னால் போயிருந்தன. ஆறுக்குள் துளி பேதம் இல்லை. ஆறுமே தப்பு.

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். நாலாவது போர்டில் பழைய கோடு. 1,000 மில்லி விநாடிக்குப் பதிலாக 980-க்கே மின்னிக்கொண்டிருந்தது. மின்மினி விதியில் யாரும் பின்னால் போவதில்லை, முன்னால் மட்டும்தான் தாவல். அதனால் அவசரக்காரன் ஒருவன் இருந்தால் மொத்தக் கூட்டமும் அவன் வேகத்துக்கு ஓடும். ஹால் கடிகாரத்தின் கதையேதான்.

"அதைக் கழட்டிப் போட்டுரு அம்மிணி" என்றார் பெரியவர்.

அவள் கழற்றவில்லை. அதற்குக் காரணம் அவள் படித்திருந்த ஒரு எரிமலை. ஈக்வடாரில் ரெவென்டடோர். 2005 ஆகஸ்டில் ஹார்வர்டைச் சேர்ந்த ஜெஃப் வெர்னர்-ஆலன், மேட் வெல்ஷ் குழுவினரும் எரிமலை ஆய்வாளர்களும் அதன் சரிவில் சுமார் 3 கிலோமீட்டருக்கு 16 ரேடியோ கருவிகளை வைத்தார்கள். 19 நாள் அவை எரிமலையின் அதிர்வைக் கேட்டன. 230 நிகழ்வுகளைப் பதிவு செய்தன. அதிர்வு எந்தக் கருவிக்கு முதலில் வந்தது, எதற்கு அடுத்தது என்ற நுண்ணிய வித்தியாசத்தை வைத்துத்தான் மலைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியும். நேரம் பிசகினால் பதிவு குப்பை. நேரம் பரப்ப அவர்கள் நம்பிய முறையில் எண் சிறிய கருவியே தலைவன், அது பேசாமல் போனால் அடுத்த எண் பொறுப்பேற்கும் (தேர்தல் செலவே இல்லை!). ஆய்வகத்தில் அது அருமையாக ஓடியது. மலையில் சில கருவிகள் நேரத்தைத் தப்பாகப் பதிந்தன. கீழே வந்தபின் ஆய்வாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் சலித்துத் திருத்த வேண்டியிருந்தது.

"மலை மேல போயி எதக் கழட்டறதுங்க அப்புச்சி?" என்றாள் பேத்தி.

நாலாவது போர்டு அப்படியே இருந்தது. விதியைத்தான் மாற்றினாள். முன்னால் மட்டும் தாவாதே. கேட்ட எல்லோருடைய வேகத்தையும் கூட்டிச் சராசரி எடு, பின்னால் போக வேண்டுமானால் போ. மூன்று ராத்திரி பிடித்தது. நடுவில் ஒருமுறை ஆறும் ஆறு பக்கம் இழுத்துக்கொண்டன, அழுதேவிட்டாள். ஒருவழியாக ஓடியபோது பிசகு ஒரு மணி நேரத்துக்கு 73 விநாடியிலிருந்து 12 ஆகக் குறைந்தது. மற்றவர்களைவிட ரொம்ப விலகிப் பேசுகிறவனைச் சேர்க்காதே என்று இன்னொரு வரி எழுதியதும் அதுவும் போனது. கூடவே ஒரு பயமும் வந்தது. நாளைக்கு ஆறில் நாலு தப்பாகி இரண்டு சரியாக இருந்தால், இந்த வரி அந்த இரண்டையும்தானே ஒதுக்கும்? ரிவ்யூவில் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

ரிவ்யூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் ஆறு மூலையில் ஆறு போர்டு. இருட்டியதும் எல்லாம் ஒன்றாக மின்னின. பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, இப்ப செரியான மணி என்ன, இது சொல்லுமா?"

"சொல்லாதுங்க அப்புச்சி. ஆறும் ஒண்ணா இருக்குதுன்னுதான் அதுகளுக்குத் தெரியும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். கல்யாண வீட்டுக்குப் போக ஏழரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஹால் கடிகாரத்தில் ஏழு முப்பத்திரண்டு. சட்டையை நிதானமாக மாட்டினார்.